டெக் லைவ் பொதிகள் பற்றி நண்பருக்கு

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். டெக் லைவ் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள் தொகுப்பை உங்கள் இயங்குதளத்தில் தனித்தனியே நிறுவக்கூடிய பொதிகளாகப் பிரித்துப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றிருப்பதாக எழுதியிருந்தீர்கள், மிகவும் மகிழ்ந்தேன். முழுவதுமாக நிறுவினால் 7 ஜிபிக்கு மேல் போகும் அதனை எவ்விடத்தில் பிரிப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

சென்ற மாதம் காட்பாடியிலிருந்து ஓர் ஆய்வு மாணவி தம் லினக்ஸ் மடிக்கணினியுடன் எங்கள் அச்சுக்கோப்பு நிலையத்துக்கு வந்தார். டெக் லைவிலுள்ள ஸீடெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலில் அவர் ஓட்டிய பக்கங்களில் எழுத்துகள் பிழையின்றி வந்திருந்தன. ஆனால் ‘அறிவுறுத்தப்பட்டிருக்கின்றனர்’ போன்ற நெடுஞ்சொற்கள் எல்லாம் வலப்பக்க ஓரத்தைத் தாண்டி நீண்டிருந்தன. நிரல் எழுதிவைத்த பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தால், வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று சொல்லும் தமிழுக்கான சொற்பிரிப்பு விதிகள் ஏற்றப்படவில்லை என்ற எச்சரிக்கை நடுவே கிடந்தது. அவ்விதிகள் தெலுங்கு, கன்னட விதிகளோடு சேர்ந்து ‘பிற மொழிகள்’ என்னும் தொகுப்பில் இருக்கின்றன. டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் அதன் பெயர் டெக்ஸ்லைவ்-லாங்-அதர். வட்டில் இடம் போதாமல் சிறிய தொகுப்புகளை மட்டும் நிறுவிய அவருக்கு இது எப்படித் தெரியும்? அதனை நிறுவி மறுபடி ஓட்டியதும் வரிகள் ஓரத்துக்குள் அடங்கின.

ஆகவே கோப்பின் அளவை மட்டும் பார்த்துப் பிரிக்காதீர்கள். தமிழில் ஒரு பக்கம் அச்சிட விரும்புகிறவருக்கு எவையெவை ஒன்றாக வேண்டும் என்று பார்த்து, அவை அனைத்தையும் சார்புகளாக, அதாவது உடன் நிறுவ வேண்டியவையாக, இழுத்துவரும் ஒரு பொதியை அமைத்துவிடுங்கள். சில மெகாபைட் கூடினாலும் பரவாயில்லை.

கோப்புகளை உரிய இடத்தில் வைப்பதோடு வேலை முடிவதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். கோப்புத் தேடலுக்கான எல்எஸ்-ஆர் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். டெக் லைவின் இன்னொரு நிரலான லுவாடெக் சொற்பிரிப்பு விதிகளை ஓடும்போதே படித்துக்கொள்ளும், ஸீடெக்கோ அவற்றைத் தான் தொடங்கும்போது படிக்கும் ஃபார்மட் கோப்புக்குள் முன்கூட்டியே ஏற்றி வைத்திருப்பதால், மொழிப் பொதி ஒன்று சேரும்போதெல்லாம் அக்கோப்பை மறுபடி உருவாக்க வேண்டும். ஒவ்வொரு பொதியும் தனித்தனியே இதைச் செய்தால் நிறுவல் முடிய வெகுநேரம் பிடிக்கும். டெபியனில் ட்ரிக்கர் என்னும் ஒத்திவைப்பு முறை வழியாக இறுதியில் ஒரே முறை செய்துவிடுகிறார்கள். நீங்களும் அவ்வழியையே பின்பற்றுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டீடெக் என்னும் இன்னொரு டெக் தொகுப்பைப் பல ஆண்டுகள் பராமரித்துவந்த தாமஸ் எஸ்ஸர் 2006-இல் அதனை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த இயங்குதளங்கள் டெக் லைவுக்கு மாற வேண்டியதாயிற்று. ஆண்டுதோறும் புது வெளியீடு வரும் மென்பொருளை ஒருவர் மட்டுமே சுமப்பது நெடுநாள் நடவாது. துணைக்கு ஒருவரை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோதனைப் பொதிகள் ஆயத்தமானதும் எனக்கு அனுப்புங்கள். எங்களிடம் உள்ள தமிழ்ப் பாடநூல் பக்கங்களை அவற்றில் ஓட்டிப் பார்த்து, பதிவுக் கோப்புகளை இணைத்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்