நம் ஊற்று எங்கே இருந்தது?

கொடைக்கானல்,
ஆனி மாதக் கடைசி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடந்துவிட்டாய் என்று படித்ததும் மனம் லேசாகிவிட்டது. மாடிப்படி மட்டும் இன்னும் ஒரு மாதத்துக்கு வேண்டாம். பேத்திக்குப் பல் முளைத்த செய்தியை என் வீட்டுக்காரரிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

இங்கே சீசன் முடிந்து, ஊர் எங்களிடம் திரும்பி வந்திருக்கிறது. ஏழு ரோட்டுச் சந்திப்பைக் கைப்பிள்ளையோடு கடக்க முடிகிறது. மூஞ்சிக்கல்லில் பஸ் நிற்கும் சத்தம் வீட்டுக்குக் கேட்கிறது. நேற்று விடியற்காலை பால் வாங்கக் கதவைத் திறந்தேன்; எங்கள் தெருக் குழாயடியில் ஒரு காட்டுமாடு நின்றிருந்தது. பத்தடி தூரம்தான் இருக்கும். முழங்காலுக்குக் கீழே வெள்ளைத் துணி சுற்றியது போன்ற கால்கள், முதுகிலிருந்து எழும் ஆவி. ஒழுகும் குழாய்க்குக் கீழே சிமெண்டுக் குழியில் தேங்கிய தண்ணீரை நக்கிக் குடித்துக்கொண்டிருந்தது. நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் இதைப் பார்க்க மன்னவனூர்ப் பக்கம் போக வேண்டும். அந்தக் காலத்தில் அது தண்ணீர் குடித்த சதுப்பின் மேல் இன்று சிமெண்டுத் தரை இருக்கிறது. அது தண்ணீரைத் தேடித் தெருவுக்கு வந்துவிட்டது.

மூன்று வாரமாக உனக்கு எழுதாததற்குக் காரணமும் இந்தத் தண்ணீர்தான். நம் ஊர் அடுத்த இருபது ஆண்டு எப்படி வளர வேண்டும் என்று வகுக்கும் புதிய முழுமைத் திட்டத்துக்கு எங்கள் தெருவின் சார்பில் ஒரு கருத்துரை எழுதிக்கொண்டிருந்தேன். முப்பத்து நான்கு வருடம் அஞ்சலகக் கவுண்டரில் உட்கார்ந்தவளுக்கு மனு எழுதத் தெரியும் என்று எல்லோரும் என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் விருப்பத்தோடுதான் ஏற்றுக்கொண்டேன்.

எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) என்ற ஒன்று நம் ஊருக்கு 1993-இல் வந்தது. மறு வருடமே குறிஞ்சி பூத்தது, நினைவிருக்கிறதா? நீ மூத்தவனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாய். நாம் பத்தாம் வகுப்பில் இருந்தபோது 1982-இல் குறிஞ்சியாண்டவர் கோயில் சரிவில் பார்த்த அளவு அந்த முறை இல்லை என்று நீ வருத்தப்பட்டாய். அதன் பிறகு 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. இவ்வளவு காலமும் நம் ஊர் அந்த 1993 வரைபடத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை திட்டத்தை மறு ஆய்வு செய்ய 1971-ஆம் வருடத்து நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. நேரத்தோடு அதைச் செய்திருந்தால் பாதிச் சிக்கல் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஊர் காத்திருக்குமா? 2011 கணக்கெடுப்பிலேயே நகராட்சிக்குள் 36,501 பேர். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆயிற்று, வீட்டில் ஓர் அறை கூடியது. வரைபடத்தில் விவசாய நிலமாக இருந்த சரிவுகளில் இரண்டு சென்ட், மூன்று சென்ட் என்று வாங்கி ஏழைகள் குடியேறினார்கள். எங்கள் தெருவுக்குக் கீழே ஓர் அம்மா இருக்கிறார், பூண்டு மண்டியில் கூலி வேலை. வீட்டை ஒட்டி ஒரு கழிப்பறை கட்ட நினைத்தார். நில உபயோகப்படி அது குடியிருப்புப் பகுதி இல்லை என்பதால் வரைபட அனுமதிக்கு வழியே கிடையாது. இருட்டியபின் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு அவர் மேட்டில் ஏறுவதை என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். அந்த மேட்டில்தான் காட்டுமாடும் நடமாடுகிறது.

அதே விதிகள் இருந்த ஊரில்தான் இரண்டு தளத்துக்கு அனுமதி வாங்கிய ஒரு விடுதி ஏழு தளம் எழும்பியது. 1994-இல் அரசே அதற்கு விதிவிலக்கு அளித்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு உயர் நீதிமன்றம் போய், 1995-இல் அந்த விதிவிலக்கு ரத்தானது. இருபத்து நான்கு வருடம் கழித்து, 2019-இல், மறுபடியும் நீதிமன்ற உத்தரவு. அனுமதியில்லாத பல கட்டடங்களுக்குச் சீல் வைத்தார்கள். காலத்தோடு திருத்தாத திட்டத்துக்கு முன்னால் கழிப்பறைக்கு ஏங்கும் அம்மாவும் ஏழு மாடிக்காரரும் ஒரே குற்றவாளிகள் ஆகிவிடுகிறார்கள். இதை நான் கருத்துரையில் அழுத்தி எழுதினேன். தான் குடியிருக்கவே ஒருவர் கட்டிய சிறிய வீட்டையும், வாடகைக்கு விட எழுப்பிய கட்டடத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். மண்சரிவு அபாயம் இல்லாத இடத்தில் இருக்கும் சிறிய வீடுகளை முதலில் வரன்முறைப்படுத்துங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

ஆனால் என் மனம் நிற்பது தண்ணீரில்தான். நிலப் பயன்பாட்டு வரைபடத்தைப் பார்த்திருக்கிறாயா? குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், வேளாண்மைக்குப் பச்சை. மேசையில் விரித்து வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். ஏரி இருக்கிறது, சாலைகள் இருக்கின்றன. ஓர் ஊற்றும் இல்லை. நாயுடுபுரத்துப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்ற இடங்களில் ஒன்றுகூட அதில் இல்லை, தோழி. செண்பகனூர் இறக்கத்தில் வருடம் முழுவதும் கசிந்துகொண்டிருந்த அந்தப் பாறையடியும் இல்லை. வண்ணம் பூசுகிறவர் கண்ணுக்கு அவை வெறும் சரிவு.

உனக்குத் தெரியாததில்லை. நம் மலையில் தண்ணீரைச் சேமிப்பது சோலைக்காடும் புல்வெளியும் சதுப்பும். பெய்கிற மழையை இழுத்து வைத்துக்கொண்டு, தை மாசி வறட்சியில் சொட்டுச் சொட்டாக விடுகிறவை அவைதான். புல்வெளிகளில் தைல மரம், வாட்டில், பைன் என்று அந்நிய மரங்களை நட்டதிலேயே பாதி போயிற்று. மீதியில் ஓடைக்கரையை நிரவிக் காட்டேஜ் கட்டுகிறார்கள். ஏரியே பழைய சதுப்புதான். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஓடைகளை மறித்துக் கரை கட்டி உண்டாக்கினார். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் வெள்ளி அருவியாக விழுகிறது. மேலே கழிவு கலந்தால், அருவிக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறவர்கள் முகத்தில் தெறிப்பதும் அந்தக் கழிவுதான். ஒரு தொழிற்சாலையை எங்கே வைக்கிறோம் என்று யோசிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாம்பார் சோலை விளிம்பில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை போதாதா? 2001-இல் அது மூடியது. மண்ணில் இறங்கிய பாதரசத்தை அகற்றும் பேச்சு அதன்பின் எத்தனை வருடம் நீண்டது!

ஆகவே என் முதல் கோரிக்கை இது: வண்ணம் பூசுவதற்கு முன்னால் ஊற்று, ஓடை, சதுப்பு எல்லாவற்றையும் புல எண்ணோடு குறியுங்கள். அவற்றைச் சுற்றிக் கட்டடம் கூடாத இடத்தை வரையுங்கள். மிச்சத்தைத்தான் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் பங்கிட வேண்டும்.

இரண்டாவது கோரிக்கையில்தான் எங்கள் வீட்டிலேயே சண்டை வந்தது. மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாக்கியது உனக்குத் தெரியும். 2025 ஏப்ரலில் இருந்து சீசனுக்கு ஒரு வரம்பும் விதித்தது: வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. நல்ல காரியம், நான் வரவேற்கிறேன். ஒரு வண்டிக்கு நான்கு பேர் என்று வைத்தாலும் வார இறுதியில் ஒரே நாளில் 24,000 பேர் ஏறலாம். ஊர்ச் சனத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அவர்கள் எல்லோரும் குளிக்க வேண்டும், துணி நனைக்க வேண்டும். வண்டியை எண்ணுகிறோம், அறையை எண்ணவில்லை. பங்குனி சித்திரையில் நம் நீர்த்தேக்கங்களில் இருக்கும் தண்ணீர் எவ்வளவு, அதில் ஊராருக்குப் போக மீதி எவ்வளவு, அந்த மீதிக்கு எத்தனை அறைகள் தாங்கும் என்று கணக்கிட்டுத் திட்டத்திலேயே எழுத வேண்டும் என்று கேட்டேன்.

கொழுந்தனாருக்கு முகம் சிவந்துவிட்டது. வீட்டு மாடியில் இரண்டு அறையை விருந்தினருக்கு விட்டுத்தான் அவர் மகனைப் படிக்க வைக்கிறார். “அண்ணி, நீங்கள் பென்ஷன் வாங்குகிறீர்கள், நாங்கள் சீசனை நம்பி இருக்கிறோம்” என்றார். அந்தச் சொல் இரவெல்லாம் என்னைத் தூங்கவிடவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. காலையில் அந்தப் பத்தியை அடித்துவிட்டு மாற்றி எழுதினேன்: வரம்பு வைக்கும்போது ஊரில் குடியிருப்பவர் தன் வீட்டில் நடத்தும் ஓரிரு அறைகளுக்கு முதலிடம் கொடுங்கள், இருக்கும் தண்ணீரில் அவர்கள் பங்கு போனபின் புதிய விடுதிக்கு மிச்சம் இருந்தால் பார்க்கலாம். படித்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை என்று அவர் காப்பி குடித்த வேகத்திலேயே தெரிந்தது.

வாகன நிறுத்தம், மாற்றுச் சாலை இவை பற்றி இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டேன். அதை எழுத ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். யாரும் கவனிக்காத ஒன்றை மட்டும் சேர்த்தேன். பூங்காவுக்கு, பள்ளிக்கு என்று திட்டத்தில் ஒரு தனியார் நிலத்தை ஒதுக்கிவிட்டு, அதைக் கையகப்படுத்தும் அறிவிப்பை மூன்று வருடத்துக்குள் வெளியிடாவிட்டால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து தானாக விடுபட்டுவிடும் என்று அதே 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு சொல்கிறது. பணம் ஒதுக்காமல் பூங்கா வரைவது வீண். அதனால் குறைவாக ஒதுக்குங்கள், ஒதுக்கியதை வாங்கிவிடுங்கள் என்று எழுதினேன்.

நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வந்தது. டார்ச் விளக்கு அம்மா கைநாட்டு வைத்தார். மை துடைக்கத் துணி கொடுத்தேன். வேண்டாம் என்று விரலைப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு பிரதியை முத்திரையோடு வாங்கி வைத்திருக்கிறேன். திட்டத்தின் வரைவு வெளியாகும்போது ஆட்சேபம் எழுத இரண்டு மாதமாவது கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அதற்குள் இணைப்பாக ஒரு பட்டியல் தயாராக வேண்டும். ஊற்றுகளின் பட்டியல்.

அதற்குத்தான் உன் உதவி வேண்டும். வயதானவர்களிடம் கேட்டுக் கேட்டு இதுவரை பதினேழு ஊற்றுகளை எழுதிவிட்டேன். எங்கே, என்ன பெயர், எந்த மாதம் வரை தண்ணீர் வரும், இப்போது அதன்மேல் என்ன இருக்கிறது என்று. உன் அம்மா நம்மைப் பித்தளைக் குடத்தோடு அனுப்புவாரே, நாயுடுபுரத்திலிருந்து கீழே இறங்கும் ஒற்றையடிப் பாதையில், அந்த ஊற்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. போன ஞாயிறு சந்தைக்குப் போய்விட்டு அந்த வழியாக இறங்கிப் பார்த்தேன். பேரிக்காய் மரம் இல்லை, பாதையும் இல்லை, மூன்று காட்டேஜ் இருக்கிறது. நடு காட்டேஜின் தடுப்புச் சுவர் மட்டும் பாசி பிடித்து ஈரமாக இருந்தது. இத்தனைக்கும் நான்கு நாளாக மழை இல்லை.

அதுதானா என்று உன்னால் சொல்ல முடியும். பாறை இடப்பக்கமா வலப்பக்கமா, அம்மா அதை என்ன பெயர் சொல்லி அழைப்பார், வைகாசியில் வற்றுமா வற்றாதா என்று நினைவிருக்கிற வரை எழுது. கோடு போட்டுப் படமாக வரைந்து அனுப்பினால் இன்னும் நல்லது. கால் சரியானதும் நீயே வந்தால் இருவரும் இறங்கிப் பார்த்துவிடலாம்; பாதையைச் சுற்றிக்கொண்டு போக இப்போது ஆட்டோ வருகிறது.

மலைப்பூண்டு இரண்டு கிலோ மாமா பையன் மூலம் கொடுத்து அனுப்புகிறேன். பேத்திக்கு என் முத்தம்.

அன்புடன்,
உன் பெஞ்சுக்காரி