மலையக அரச அலுவலகங்களில் கடமையாற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் பிரதேச செயலகங்கள், தொழில் திணைக்கள அலுவலகங்கள், பொலிஸ் நிலையங்கள், ஆஸ்பத்திரிகள் ஆகியவற்றில் மக்களை நேரில் சந்தித்து வேலை செய்யும் உத்தியோகத்தர்களுக்கு,

வணக்கம்.

தோட்டத்துப் பெண் ஒருவர் உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றதும், அவர் வாய் திறக்கும் முன்பே சில முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன. எழுத வாசிக்கத் தெரியாது. சொன்னால் விளங்காது. புருஷன் வந்தால்தான் காரியம் நடக்கும். வீட்டில் அடி வாங்குவது இவர்களுக்குப் பழக்கம். தமிழர் என்பதால் சில, தோட்டம் என்பதால் சில, பெண் என்பதால் சில. மூன்றும் ஒரே ஆளின் தலையில் விழுகின்றன. இதனால் சேமலாப நிதி முடங்குகிறது, நாட்பேர், அதாவது அன்றைய சம்பளம், போகிறது, சில வேளை உயிருக்கே ஆபத்து வருகிறது. இந்த அலுவலகங்களுக்குப் பெண்களோடு கூட வருகிறவர்கள் நாங்கள். எந்த இடத்தில் என்ன பிழைக்கிறது என்பது தெரிந்ததால் எழுதுகிறோம்.

முதலில் மைப்பெட்டி. படிவத்தை நீட்டும்போதே அதையும் சேர்த்து நகர்த்துகிறீர்கள். சாதாரண தரம் வரை படித்த பெண்ணுக்கும் அதுதான் நடக்கிறது. பின்னால் வரிசை நிற்கிறது, மறுத்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது; அவர் பெருவிரலை நீட்டிவிடுகிறார். வங்கிக் கணக்கில் அவருடைய கையெழுத்து இருக்கும், உங்கள் படிவத்தில் கைநாட்டு இருக்கும். சில மாதம் கழித்து, இரண்டும் பொருந்தவில்லை என்று கோப்பு திரும்பி வரும். “கையெழுத்து வைப்பீங்களா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் தீரும் விஷயம் இது. உண்மையிலேயே கைநாட்டு வைப்பவர் என்றால், கொழுந்துக் கறை ஏறி வெடித்த விரலில் ரேகை லேசில் விழாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, மையை மெல்லிதாகத் தொட்டு, விரலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உருட்டி எடுக்கவேண்டும். அழுத்திக் குத்தினால் கறுப்புப் புள்ளிதான் மிஞ்சும்.

அடுத்தது பெயர். அதிகம் கெடுவது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

“பெருமாள் ராமாயி” என்று எழுதியிருந்தால் பெருமாள் தகப்பன், ராமாயிதான் வந்திருப்பவர். அலுவலகத்தில் “பெருமாள்!” என்று கூப்பிடுவார்கள், அது தன்னைத்தான் என்று அவருக்கு உடனே படாது. “காது கேக்காதா?” என்ற ஏச்சு விழும். கலியாணத்துக்குப் பிறகு ஒரு கிளார்க் புருஷனுடைய பெயரை முன்னால் போட்டு “கறுப்பையா ராமாயி” ஆக்கிவிடுவார். இன்னொருவர் இரண்டையும் சேர்ப்பார். பிறப்புச் சான்றிதழில் ஒருத்தி, அடையாள அட்டையில் ஒருத்தி, தோட்டத்துச் செக்ரோலில் (வேலையாட்களின் சம்பளப் பதிவில்) ஒருத்தி என்று ஒரே பெண் மூன்று பேராகிவிடுகிறாள்.

எழுத்து மாறுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. “பழம்” என்பதில் வரும் ஒலிக்கும் “பஸ்” என்பதில் வரும் ஒலிக்கும் சிங்களத்தில் தனித்தனி எழுத்து. தமிழில் இரண்டுக்கும் ஒரே “ப”. க, த, ட எல்லாவற்றிலும் இதே நிலைதான். பாக்கியம் என்ற பெயரைத் தமிழில் பார்த்துச் சிங்களத்தில் எழுதுபவர் எந்த எழுத்தைப் போடுவது என்று ஊகிக்கிறார். அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது முதலெழுத்தே வேறாகிவிடும். கணினியில் பெயரைத் தேடினால் ஆளே இல்லை என்று வரும். லெட்சுமி, இலட்சுமி, லச்சுமி என்று அலையும் பெயர்களைச் சொல்லவே வேண்டாம்.

இந்த ஓர் எழுத்தின் விலை என்னவென்று பாருங்கள். மாதாமாதம் சம்பளத்தில் 8 வீதம் அவரிடமிருந்தும், 12 வீதம் தோட்டத்திடமிருந்தும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. 50 வயதில் அதை எடுக்கப் போகும்போது நிதியில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையும் ஒத்துவரவில்லை. தோட்டத்து ஒபிஸில் கடிதம், கிராம உத்தியோகத்தர் உறுதி, இரு பெயரும் ஒருவருக்கே உரியவை என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு) போனால் டவுன் பஸ் இல்லை, பஸ்ஸைப் பிடித்தால் அன்றைக்குப் பேர் இல்லை. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அந்தக் கணக்குப்படியே பார்த்தாலும், “நாளைக்கு வாங்க” என்று நீங்கள் இரண்டு தடவை சொன்னால் 2700 ரூபாவும் பஸ் காசும் போய்விடும்.

செய்யவேண்டியது கடினமில்லை. பிறப்புச் சான்றிதழை வாங்கி எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுங்கள். தகப்பன் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். சிங்களத்தில் எழுதும் முன் பெயரை அவர் வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எந்த எழுத்து என்பது காதிலேயே தெரிந்துவிடும். அச்செடுக்கும் முன் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டுங்கள், வாசிக்கத் தெரியாவிட்டால் வாசித்துக் காட்டுங்கள். பழைய பதிவில் பெயரே பிழையென்றால், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் கீழ் மாற்ற விண்ணப்பிக்கலாம் என்று சொல்லி, அந்தப் படிவத்தைக் கையில் கொடுங்கள். “இது சரிவராது” என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்.

பிள்ளையின் பிறப்பைப் பதிய வரும் தாயிடம், “எல்லாருக்கும் சொல்ல லேசான ஒரு பேர வைக்கலாமே” என்று சொல்வதை நிறுத்திவிடுங்கள். குலதெய்வத்தின் பெயரையோ பாட்டியின் பெயரையோ வைக்கத்தான் அவர் 42 நாட்களுக்குள் ஓடி வந்திருக்கிறார். கோயிலில் தாலி கட்டி, பதிவுத் திருமணம் செய்யாதவர்கள் என்றால் “அப்ப இது யார்ட பிள்ளை?” என்று கேட்கவேண்டியதே இல்லை. தாயும் தகப்பனும் சேர்ந்து வந்து கையொப்பமிட்டுக் கேட்டால் தகப்பன் விபரத்தைப் பதியச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதைச் சொன்னால் போதும்.

சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டுவந்த கடதாசிகள் அத்தனையையும் மேசையில் கொட்டுகிறார் என்று சலித்துக்கொள்கிறீர்கள். அவருடைய பாட்டன் காலத்தில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் ஒரு மக்கள் கூட்டத்தையே நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இரண்டு அரசாங்கங்கள் இருந்து பேசி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தன. மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பங்கு போட்டன. எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினையைத் தீர்க்க 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. எந்தக் கடதாசி என்றைக்குக் கேட்கப்படும் என்று தெரியாமல் வாழ்ந்த குடும்பத்தில் யாரும் ஒரு துண்டையும் எறியமாட்டார்கள். அந்தப் பையில் நீங்கள் கேட்கும் பத்திரமும் இருக்கும். தேட இரண்டு நிமிடம் கொடுங்கள்.

“வீட்டுக்காரர் வரலியா?” என்ற கேள்வியைப் பற்றி. சட்டம் கேட்காத இடத்தில் நீங்களும் கேட்கவேண்டாம். குடும்பத் தலைவர் என்றதும் ஆணின் பெயரை எழுதும் பழக்கத்தால், கொழுந்து பறித்து வீட்டை நடத்தும் பெண்ணுக்கு வரவேண்டிய உதவி குடித்துத் திரியும் ஆணின் கணக்குக்குப் போன சம்பவங்கள் உண்டு. தனிவீட்டுக்கு 7 பேர்ச் காணி கொடுக்கும்போதும் உறுதியில் யார் பெயர் என்று இருவரிடமும் கேளுங்கள், இருவர் பெயரையும் போடலாம் என்று சொல்லுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தோட்டத்தில் ஒரே நாட்சம்பளம் என்பதே 1984இல்தான் கிடைத்தது. உழைப்பு சமம் என்று அப்போதே ஒப்புக்கொண்ட பிறகும் உறுதியில் மட்டும் ஏன் ஓர் ஆள் குறையவேண்டும்?

பொலிஸ் நிலையங்களுக்கு இதைவிட அழுத்தமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. அடிபட்டு வந்த பெண்ணிடம், “தோட்டத்துல இதெல்லாம் சகஜந்தானே, தலைவர்கிட்ட பேசித் தீத்துக்கங்க” என்று அனுப்புவது சட்டப்படி பிழை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி அவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரே விண்ணப்பிக்கவும் முடியும். கட்டளை 12 மாதம் வரை நீடிக்கும். நடைமுறையில் வழக்கு கெடுவது வாக்குமூலத்தில்தான். அவர் தமிழில் சொல்ல, நீங்கள் சிங்களத்தில் எழுத, நடுவில் மொழிபெயர்க்கப் புருஷனுடைய கூட்டாளியோ பத்து வயது மகளோ நிற்பார்கள். “கத்தியக் காட்டி வெட்டுவேன்னாரு” என்பது “சண்டை போட்டார்” என்று எழுதப்படும். நீதிமன்றத்தில் அவர் கத்தியைப் பற்றிச் சொன்னால், முன்னுக்குப் பின் முரண் என்பார்கள். தமிழில் எழுதக்கூடிய ஆள் இல்லாவிட்டால் பக்கத்து நிலையத்திலிருந்தாவது கூப்பிடுங்கள். பிள்ளையையோ, புருஷனின் ஆளையோ, தோட்டத்துத் தலைவரையோ மொழிபெயர்க்க வைக்கவேண்டாம். வாசித்துக் காட்டாமல் கையொப்பம் வாங்கவேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, மகளிருக்கான 1938 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

ஆஸ்பத்திரிக்கும் இதே கோரிக்கைதான். நிரந்தரக் கருத்தடைக்கான சம்மதத்தைப் பிரசவ வலியில் கேட்கக்கூடாது. கிளினிக்குக்கு வரும் மாதங்களிலேயே தமிழில் விளக்கி, வீட்டில் யோசித்து வரச் சொல்லிக் கேளுங்கள். “இவங்களுக்குப் பிள்ளை கூட” என்ற எண்ணம் உங்கள் மனத்தில் இருந்தால், அந்தச் சம்மதம் அவருடையதா உங்களுடையதா என்று பிரித்தறியவே முடியாது.

மொழி விடயத்தில் நாங்கள் சலுகை கேட்கவில்லை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பிரதேசத்திலும் தமிழில் எழுதவும் பேசவும், எழுதியதற்குத் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தருகிறது. 2007 யூலைக்குப் பின் சேவையில் சேர்ந்தவர்கள் மற்றைய அரசகரும மொழியைக் கற்றுத் தேறவேண்டும் என்ற சுற்றறிக்கை உங்கள் கோப்புகளிலேயே இருக்கிறது. பதிலைத் தபாலில் அனுப்புகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள்: தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது, கடிதம் தோட்டத்து ஒபிஸில் கிடந்து கைக்கு வரும்போது நேர்முகத் திகதி கடந்திருக்கும். தோட்டத்தின் டிவிசன் (பிரிவு), லயம், காம்பரா (அறை) இலக்கம் மூன்றையும் எழுதுங்கள். தொலைபேசி இலக்கத்தை வாங்கி ஓர் அழைப்பும் எடுங்கள்.

உங்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளாக இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. லயத்திலிருந்து படித்து, போட்டிப் பரீட்சை எழுதி, அந்த நாற்காலிக்கு வந்த உங்களை நினைத்து நாங்கள் பெருமைப்படுகிறோம். அங்கே இருப்பதற்கு நீங்கள் கொடுத்த விலையும் தெரியும். விண்ணப்பத்தில் லயத்து விலாசத்தை விட்டு, டவுனில் இருக்கும் மாமாவின் விலாசத்தைப் போட்டிருப்பீர்கள். வேலை நாளில் பொட்டு வைக்காமல் வந்திருப்பீர்கள். “நீங்க தோட்டமா? பாத்தா தெரியலயே!” என்று சக ஊழியர் பாராட்டுவதுபோல் சொன்னபோது சிரித்துச் சமாளித்திருப்பீர்கள். அதைக் குற்றமாகச் சொல்ல எங்களுக்கு மனமில்லை, அப்படிப் பேசும் இடத்தில்தான் குற்றம் இருக்கிறது. ஆனால் உங்கள் அம்மா வயதில் ஒருவர் தமிழில் கேட்க, நீங்கள் விளங்காதவர்போலச் சிங்களத்தில் பதில் சொல்லும்போது அவர் முகம் சுருங்குவதை நாங்கள் பக்கத்தில் நின்று பார்க்கிறோம். தமிழில் பதில் சொல்லுங்கள். “அம்மா, உக்காருங்க” என்று மற்ற மேசைகளுக்கும் கேட்கச் சொல்லுங்கள். “பாத்தா தெரியலயே” என்று அடுத்த முறை யாராவது சொன்னால் தோட்டத்தின் பெயரையும் டிவிசனின் பெயரையும் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். முதல் தடவை குரல் நடுங்கும். உங்களுக்குப் பிறகு அந்த ஒபிஸுக்கு வரும் தங்கைக்கு அவ்வளவு நடுங்காது.

பெண்களிடம் நாங்கள் சொல்லிக்கொண்டு வருவதையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. மூலப் பத்திரத்தோடு இரண்டு பிரதி எடுத்து வாருங்கள். பெயரைச் சரிபார்க்காமல் கையொப்பம் வைக்காதீர்கள். சந்தித்த உத்தியோகத்தரின் பதவி, திகதி, சொன்ன காரணம் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். “முடியாது” என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். யாராவது இப்படிக் கேட்டால் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒவ்வொரு அலுவலகத்திலும் மக்களைச் சந்திக்கும் மேசைகளில் தமிழில் பேசி எழுதக்கூடியவர்கள் எத்தனை பேர், எந்தெந்தப் படிவங்கள் தமிழில் இருக்கின்றன என்ற விபரங்களை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தனித்தனியே கேட்கவிருக்கிறோம். எழுத முடியாத பெண்கள் வாயால் கேட்பார்கள். தகவல் உத்தியோகத்தர் அதை எழுத்தில் பதிந்துகொள்ளவேண்டும் என்பதும், 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்கவேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கின்றன. விண்ணப்பங்கள் தமிழில் வரும்.

இப்படிக்கு,
தோட்டத்துப் பெண்களோடு அலுவலகங்களுக்குக் கூட வரும் நாங்கள்