டைட்டிலில் வராத பெயர்கள்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் கடிதம். பேங்க் வேலையை விட்டுவிட்டு முழுநேர சினிமா நிருபராக எழுதப் போகலாமா, அதில் கடைசிவரை மரியாதையோடு இருக்க முடியுமா என்று கேட்டாய். முடியும். ஆனால் நீ யாரைப் பற்றி எழுதப்போகிறாய், எதற்காக எழுதப்போகிறாய் என்பதில்தான் அந்த மரியாதை இருக்கிறது. நான் இந்தத் தொழிலில் இருந்தவள் என்பதால் உன்னிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன்.

சினிமா நிருபர் என்றாலே கிசுகிசு என்றுதான் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் நினைக்கிறார்கள். அப்படி நினைக்கக் காரணம் இல்லாமல் இல்லை. லட்சுமிகாந்தன் கதை உனக்குத் தெரியும். முதலில் 'சினிமா தூது', அப்புறம் 'இந்து நேசன்' நடத்தியவர். நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எழுதியும், எழுதாமல் இருக்கக் காசு கேட்டும் நடந்த பத்திரிகைகள். 1944 நவம்பரில் வேப்பேரியில் அவரைக் குத்திக் கொன்றார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் அந்தக் கொலை வழக்கில் நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கதாநாயகன் பாகவதர் ஜெயிலில் இருந்தார். வழக்கு லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-இல் விடுதலையானார்கள். கலைவாணர் திரும்ப எழுந்துகொண்டார், பாகவதரால் முடியவில்லை. ஒரு பத்திரிகை எத்தனை பேர் வாழ்க்கையைத் தின்னும் என்பதற்கு, பத்திரிகைக்காரரின் உயிரையும் சேர்த்து, இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அதே கோடம்பாக்கத்தில்தான் பிலிம் நியூஸ் ஆனந்தனும் இருந்தார். கேமராவோடு வந்தவர். 'பிலிம் நியூஸ்' என்ற பத்திரிகைக்குப் படம் எடுத்ததால் அந்தப் பெயர் அவருக்கே ஒட்டிக்கொண்டது. 1958-இல் 'நாடோடி மன்னன்' படத்துக்குப் பத்திரிகைத் தொடர்பாளராக இருந்தார். தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. அவர்தான். ஆனால் அவரை நான் கும்பிடுவது அதற்காக இல்லை. வெளியான ஒவ்வொரு படத்துக்கும் யார் இயக்கினார், யார் வசனம், யார் ஒளிப்பதிவு, எந்தத் தேதியில் ரிலீஸ் என்று சலிக்காமல் குறித்துவைத்தார். பாட்டுப் புத்தகங்களையும் ஸ்டில்களையும் பொறுக்கிச் சேர்த்தார். 2016-இல் அவர் காலமாகும்வரை, ஒரு பழைய படத்தின் தேதி வேண்டுமென்றால் கோடம்பாக்கத்தில் எல்லாரும் போய் நின்ற வாசல் அவருடையது.

இது ஏன் பெரிய விஷயம் தெரியுமா? 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-ஆம் தேதி சென்னை கினிமா சென்ட்ரலில் வந்தது. தமிழின் முதல் பேசும்படம். இன்றைக்கு அதன் பிரதி இல்லை. அதில் நடித்த டி.பி.ராஜலட்சுமி 1936-இல் 'மிஸ் கமலா' என்று ஒரு படத்தைத் தானே இயக்கினார். ஒரு பெண் அந்தக் காலத்தில் படம் இயக்கினாள் என்பதைக் கண்ணால் பார்க்க நமக்கு வழியில்லை, அந்தப் படமும் போய்விட்டது. அன்றைய பத்திரிகைத் துணுக்குகளும் விளம்பரங்களும் பாட்டுப் புத்தகங்களும்தான் மிச்சம். யாரோ ஒரு நிருபர் அவசரத்தில் எழுதிக் கொடுத்த நாலு வரி அந்தப் படங்களுக்குச் சாட்சியாக நிற்கிறது. நீ எழுதுவதும் நாளைக்கு அப்படி ஆகலாம் என்ற நினைப்போடு எழுது.

நான் சேர்ந்த காலத்தில் பெண் நிருபர் என்றால் நடிகைகள் வீட்டுக்கு அனுப்புவார்கள். கேட்க வேண்டிய கேள்வியையும் ஆசிரியரே சொல்லி அனுப்புவார்: கல்யாணம் எப்போது? பிடித்த உணவு என்ன? நான் அவற்றைக் கேட்டுவிட்டு, காலை எத்தனை மணிக்கு மேக்கப்புக்கு உட்கார்கிறீர்கள், அவுட்டோரில் உடை மாற்ற இடம் தருகிறார்களா, பேசிய சம்பளத்தில் கடைசித் தவணை வந்ததா என்றும் கேட்பேன். முகம் மாறிவிடும். அதற்கப்புறம் அவர்கள் பேசியதுதான் பேட்டி. அதில் பாதி அச்சில் வராது. அதனால் என்ன, மீதிப் பாதி வந்ததே!

டப்பிங் தியேட்டரில் பார்த்ததை உனக்கு இதுவரை முழுசாகச் சொன்னதில்லை. இப்போது போல கம்ப்யூட்டரில் ஒரு வரியை மட்டும் திருத்திக்கொள்ளும் வசதி கிடையாது. காட்சியைத் துண்டுபோட்டு, முனையோடு முனை ஒட்டி 'லூப்' ஆக்கி, திரையில் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். அந்தக் காட்சியில் பேசுகிற எல்லாரும் ஒரே மைக்கைச் சுற்றி நிற்பார்கள். ஒருவர் தடுமாறினாலும் எல்லாரும் முதலிலிருந்து பேச வேண்டும். அன்றைக்கு ஒரு அம்மா, கதாநாயகிக்குக் குரல் கொடுப்பவர், கண்ணாடி வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து ஸ்டூலில் வைத்தார், சத்தம் மைக்கில் விழக்கூடாது என்று. பிள்ளையைப் பறிகொடுத்துக் கதறுகிற காட்சி. கதாநாயகனுக்குப் பேசுபவர் வரியை மாற்றி மாற்றிச் சொல்ல, இந்த அம்மா ஒவ்வொரு தடவையும் அடிவயிற்றிலிருந்து அழுதார். திரையில் அந்தப் பெண்ணின் உதடு மூடும் இடத்தில் இவர் விசும்பலும் நின்றது. முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வவுச்சரில் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கி, அடுத்த தியேட்டருக்குக் கிளம்பிவிட்டார். படம் வந்தபோது டைட்டிலில் அவர் பெயர் இல்லை.

நான் எழுதினேன். நடிகையின் குரல் அவருடையதில்லை என்று தெரிந்தால் மார்க்கெட் போய்விடும் என்று படக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து சொல்ல, கட்டுரையைத் தூக்கிவிட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. இப்போது காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 'பம்பாய்' படத்தில் மனீஷா கொய்ராலாவுக்குப் பேசியது ரோகிணி, '96'-இல் த்ரிஷாவுக்குப் பேசியது சின்மயி என்று ரசிகர்களே சொல்கிறார்கள். ஆனால் லைட்மேன், கேமராவில் ஃபோகஸ் பார்க்கும் ஃபோகஸ் புல்லர், துணை நடிகைகள்? இவர்களைப் போய்ப் பார். உன் வண்டி பெட்ரோலுக்கு அதைவிட நல்ல செலவு இல்லை.

விமர்சனம் பற்றிக் கேட்டாய். முதல் காட்சி இடைவேளையிலேயே பாதி விமர்சனம் வந்துவிட வேண்டும் என்று நீ சேரப்போகும் இடத்தில் சொல்கிறார்களாமே. ஆனந்த விகடனில் '16 வயதினிலே'வுக்கு 62.5 மதிப்பெண் போட்டார்கள், 1977-இல். அந்த அரை மதிப்பெண்ணைப் பற்றி டீக்கடையில் பேசியவர்களை நான் பார்த்திருக்கிறேன். படம் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது வாரப் பத்திரிகை நிதானமாக வந்து சொன்னது அது. இன்றைக்கு வெள்ளி, சனி, ஞாயிறு வசூலில் படத்தின் தலையெழுத்து முடிந்துவிடுகிறது. அதனால்தான் 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம், தியேட்டர் வளாகத்தில் யூடியூப் சேனல்களை அனுமதிக்காதீர்கள் என்று கேட்டது. வீட்டை அடகு வைத்துப் படம் எடுத்தவனின் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பார்த்தவன் வாயைக் கட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. படம் பிடிக்கவில்லையென்றால் எந்தக் காட்சி, ஏன் என்று எழுது. "மொக்கை" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதே. கடைசி டைட்டில் ஓடி முடியும்வரை நாற்காலியை விட்டு எழாதே. அவசரம் என்று அவர்கள் நச்சரித்தால், ஒரு மணி நேரம் கேட்டு வாங்கு. தரவே மாட்டோம் என்றால் அந்த இடம் உனக்கு வேண்டாம்.

படம் ஹிட் என்று பி.ஆர்.ஓ. சொன்னால் குறித்துக்கொள், நம்பிவிடாதே. நூறாவது நாள் போஸ்டர் ஒட்ட வேண்டும் என்பதற்காகவே ஏதாவது ஒரு தியேட்டரில் பகல் காட்சி மட்டும் ஓட்டிய படங்கள் எத்தனையோ. சேலத்திலும் மதுரையிலும் அந்த ஏரியாவில் படத்தை ஓட்டும் உரிமை வாங்கிய விநியோகஸ்தரிடம் பேசு. போட்ட காசு வந்ததா என்பதை அவர் குரலே சொல்லிவிடும்.

கவர் விஷயம். பிரஸ் மீட் முடிந்ததும் பணம் வைத்துக் கொடுப்பார்கள். நீ வாங்காதே, நான் வாங்கியதில்லை. ஆனால் வாங்குகிறவர்களைக் கேவலமாகப் பார்க்காதே. சம்பளமே இல்லாமல், பிரசுரமான செய்திக்கு மட்டும் காசு என்று வைத்திருக்கும் முதலாளிகளைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பேங்க் வேலையை உடனே விடாதே, ஆறு மாதம் சனி ஞாயிறில் எழுதிப் பார். அப்பாவும் இதைத்தான் சொல்கிறார். என் பழைய நோட்டுகள் மாடி அலமாரியில் இருக்கின்றன. அந்த அம்மாவின் பெயரும், இன்னும் அப்படிப்பட்ட பலரின் பெயரும் எந்தெந்தப் படம் என்பதோடு அதில் இருக்கிறது. மே மாதம் வரும்போது ஸ்கேனர் கொண்டு வா, இரண்டு நோட்டில் கரையான் பிடித்திருக்கிறது. நாரத்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், போகும்போது எடுத்துப் போகலாம்.

அன்புடன்,
அம்மா