சரசுவுக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கிள்ளானிலேயே வேலை அமைந்ததில் எனக்கும் நிம்மதி. அம்மாவின் முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே மழை விட்டபாடில்லை. என் பாலர் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப்பேர் இருமிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் மலேசியாவில் குளிர்காலம் கிடையாது. ஃபுளூ காய்ச்சல் ஆண்டு முழுவதும் சுற்றிக்கொண்டேயிருந்து திடீரென்று தலைதூக்குகிறது. 2025 அக்டோபரில் ஏறத்தாழ 6,000 மாணவர்களுக்குத் தொற்று, சில பள்ளிகளை மூடியாயிற்று என்று கல்வி அமைச்சு சொன்னது உனக்கு நினைவிருக்கும்.

என்னைக் கலங்க வைப்பது காலையில் கொடுக்கும் மருந்துதான். இரவெல்லாம் காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு விடிந்ததும் பாராசிட்டமால் கொடுத்து, பவுடர் பூசி அனுப்பிவிடுகிறார்கள். எட்டு மணிக்கு ஆடிப் பாடுகிற பிள்ளை, ஓய்வு நேரத்தில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்காமலே மேசையில் தலை சாய்த்துவிடுகிறது. தொட்டால் உடம்பு கொதிக்கிறது. அதற்குள் அதன் பென்சிலும் தண்ணீர்ப் போத்தலும் நாலு கை மாறியிருக்கும்.

தாய்மார்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவள் ஒரு நாள் வீட்டில் இருந்தால் அன்றைய கூலி போயிற்று. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைத் தோட்டத்திலேயே பார்த்துக்கொண்ட நம் காலத்து ஆயாக் கொட்டகையும் இப்போது இல்லை. மருந்தின் உதவியில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால்தான் பள்ளிக்கு வரலாம் என்பது சரியான விதி. ஆனால் அதுவரை பிள்ளையை யார் பார்ப்பது? அதற்கு வழி செய்யாமல் விதியை மட்டும் சுவரில் ஒட்டி என்ன பயன்?

அதனால் பெற்றோர் கூட்டத்தில் பேசினேன். வரிசை வீடுகளில் பகலில் வீட்டிலிருப்பவர்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பாட்டிமார் முன்வந்தார்கள். வயதானவர்களுக்கும் இந்தக் காய்ச்சல் ஆபத்தானது, ஆகவே தடுப்பூசி போட்டவர்கள் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளுக்கும் ஆறு மாதத்திலிருந்து ஆண்டுதோறும் போடலாம். ஒன்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு முதல் முறை நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. காசு கொடுத்துப் போட எல்லாராலும் முடியாது என்பதும் உண்மைதான்.

ஆஸ்பிரின் மட்டும் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம் என்று அழுத்திச் சொன்னேன். மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய் வரக்கூடும். மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் கழிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இன்னொன்று, ஆண்டிறுதியில் முழு வருகைக்குக் கொடுக்கிற பரிசை நிறுத்தச் சொன்னேன். காய்ச்சலோடு வரும் பிள்ளைக்குக் கோப்பை எதற்கு, சரசு? தலைமையாசிரியர் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். நான் விடப்போவதில்லை.

உங்கள் பராமரிப்பு மையத்தில் நடுவில் காய்ச்சல் கண்ட பிள்ளையை எங்கே படுக்க வைக்கிறீர்கள்? எங்களிடம் தனி அறை இல்லை. இப்போதைக்குச் சன்னலோரம் ஒரு பாய் விரித்து, முகக்கவசம் போட்டு, ஆள் வரும்வரை நானே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இதைவிட நல்ல வழி தெரிந்தால் உடனே எழுது.

அன்புடன்,
மல்லிகா