செயலரின் ஆண்டறிக்கை: ஐ-290பி படிவத் திருத்தமும் நம் சங்கம் அனுப்பிய கருத்தும்

தலைவர், பொருளாளர், செயற்குழு நண்பர்கள், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, சித்திரைத் திருநாள், கோடைக்காலப் பிக்னிக், குழந்தைகளுக்கான குறள் ஒப்பித்தல் போட்டி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. பொங்கலன்று சாம்பார் சாதம் பாதிப் பந்தியிலேயே தீர்ந்துபோனது குறித்துப் போதுமான அளவு பேசிவிட்டோம். இங்கே மறுபடி வேண்டாம். தமிழ்ப் பள்ளியில் சேர்க்கை கூடியிருக்கிறது, ஆசிரியர்தான் போதவில்லை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

இந்த ஆண்டு செயற்குழு அதிக நேரம் செலவிட்டது விழாக்களுக்கு அல்ல, ஒரு அரசுப் படிவத்துக்கு. அதனால் அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

நியூ ஜெர்சியில் இருக்கும் நம் உறுப்பினர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு விசா மனுவின் முடிவுக்குக் காத்திருப்பவர்கள். 2018 நிதியாண்டில் புதிய வேலைக்கான எச்-1பி (தற்காலிக வேலை விசா) மனுக்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று நிராகரிக்கப்பட்டதை அப்போது இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நிலை பிறகு மாறியது. ஆனாலும் நிராகரிப்புக் கடிதம் வந்த வீட்டில் கேட்கும் முதல் கேள்வி இன்றும் அதுதான்: அப்பீல் போடலாமா? போடலாமென்றால் அமெரிக்கக் குடிவரவுத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ்ஸின் ஐ-290பி என்ற படிவத்தில்தான் போட வேண்டும். மேல்முறையீட்டுக்கும் அதுவே, வழக்கை மறுபடி திறக்கவோ முடிவை மறுபரிசீலனை செய்யவோ கேட்கும் 'மோஷனு'க்கும் அதுவே. 2024 ஏப்ரல் 1 முதல் கட்டணம் 800 டாலர்; அதற்கு முன் 675.

இந்தப் படிவத்தைத் திருத்துவது குறித்துப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டு அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில் 60 நாள் அறிவிப்பு வந்திருப்பதை, வக்கீலாக இருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் செயற்குழுவுக்குத் தெரிவித்தார். அரசு ஏன் நம்மைக் கேட்கிறது என்று பலர் வியந்தார்கள். தயவெல்லாம் இல்லை, சட்டம் அப்படி. 1995-இன் காகிதப்பணிக் குறைப்புச் சட்டப்படி, மக்களிடம் தகவல் கேட்கும் எந்தப் படிவத்துக்கும் வெள்ளை மாளிகையின் கீழுள்ள பட்ஜெட் அலுவலகமான ஓ.எம்.பி.யின் அனுமதி வேண்டும். ஒரு அனுமதி அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் செல்லும். முதலில் 60 நாள் கருத்துக் கேட்பு, பிறகு ஓ.எம்.பி.க்கு அனுப்பும்போது இன்னொரு 30 நாள். படிவத்தின் மேல் வலது மூலையில் 1615-0095 என்ற எண்ணும் காலாவதித் தேதியும் இருப்பது இதனால்தான். அதைப் பார்த்துவிட்டு "நம்ம அப்பீலுக்கு அதுதான் கடைசித் தேதியா?" என்று கேட்டவர்கள் உண்டு. இல்லை.

சங்கம் இதில் தலையிடலாமா என்று செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. நாம் வரிவிலக்குப் பெற்ற 501(சி)(3) அமைப்பு. அரசியல் வேண்டாம் என்று மூத்த உறுப்பினர்கள் எச்சரித்தார்கள். அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் வரித்துறை விதிகளில் 'லாபியிங்' என்பது சட்டமியற்றலைப் பற்றியது. ஒரு அரசுத் துறை தன் படிவத்துக்குக் கருத்துக் கேட்கும்போது பதில் சொல்வது அதில் சேராது. இது தெளிவான பிறகு தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த தயக்கம் பெயர் போடுவதில் வந்தது. அனுப்பும் கருத்து அப்படியே பொதுவில் பதிவாகும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். விசாவில் இருப்பவர்கள் "சார், என் பேரு வேண்டாமே" என்று சொன்னதில் எனக்கு வியப்பில்லை. எனவே சங்கத்தின் கடிதத்தாளில், தலைவர் கையெழுத்தோடு, ஒருவர் விவரமும் இல்லாமல் அனுப்பினோம். ஒரே கடிதத்தை எல்லோரும் தனித்தனியாக நகலெடுத்து அனுப்பலாம் என்றொரு யோசனை வந்தது. இங்கே தலைக்கணக்கு எடுபடாது, விஷயம்தான் எடுபடும் என்பதால் கைவிட்டோம்.

தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் வகுப்பில் இருந்த நேரத்தில், உணவுக்கூட மேசையில் படிவத்தையும் அதன் வழிகாட்டுக் குறிப்பையும் அச்செடுத்துப் போட்டு உட்கார்ந்தோம். பழைய வாசகமும் புதிய வாசகமும் பக்கத்தில் பக்கமாக இருக்கும் மாற்ற அட்டவணை கூடவே வருகிறது, அது நல்ல வசதி. அனுபவப்பட்டவர்கள் பேனாவும் கையுமாக வந்திருந்தார்கள். எல்லோரும் கோடிட்ட முதல் இடம் ஒன்றே: கெடு.

பொதுவாக முடிவு தேதியிலிருந்து 30 நாள். முடிவு தபாலில் வந்திருந்தால் 33. கிரீன் கார்டுக்காக ஏற்கெனவே அனுமதித்த மனுவை ரத்து செய்திருந்தால் மேல்முறையீட்டுக்கு 15, தபாலில் வந்தால் 18. கணக்கில் வருவது நாம் தபாலில் போட்ட நாள் அல்ல, அவர்கள் கையில் போய்ச் சேர்ந்த நாள். கையெழுத்து விட்டுப்போனாலோ கட்டணம் தவறினாலோ பழைய பதிப்புப் படிவத்தில் அனுப்பினாலோ பொட்டலம் திரும்பி வரும். முதலில் போய்ச் சேர்ந்த தேதி நமக்குக் கிடைக்காது. நம் உறுப்பினர் ஒருவருக்கு நிரப்பிக் கொடுத்த ஆலோசகர் ஓராண்டுக்கு முன் சேமித்து வைத்திருந்த படிவத்தையே பயன்படுத்திவிட்டார். அது திரும்பி வந்தபோது கெடு தாண்டியிருந்தது. கொரோனா காலத்தில் இந்தக் கெடுவை 60, 90 நாள் என்று நீட்டியிருந்தார்கள். அந்தச் சலுகை 2023 மார்ச் 23-உடன் முடிந்தது. இன்னும் அதை நம்பிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். எனவே, குறிப்புக்குள் தேடிப் படிக்க வேண்டிய இந்த நாள்கணக்கைப் படிவத்தின் முதல் பக்கத்தில், பெயர் எழுதும் இடத்துக்கு மேலேயே கட்டம் கட்டிப் போடுங்கள் என்பது நம் முதல் கோரிக்கை.

அப்புறம், யார் போடலாம் என்ற கேள்வி. எச்-1பி மனுவையும், ஊழியரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனுவையும் போடுவது பொதுவாகக் கம்பெனி. அதனால் மேல்முறையீட்டு உரிமையும் பொதுவாகக் கம்பெனிக்கே. வாழ்க்கை தலைகீழாகிற ஊழியருக்கு இல்லை. வேலை மாறிய ஊழியரின் ஐ-140-ஐ ரத்து செய்ய முனையும்போது, சில நிபந்தனைகளோடு அவரையும் பாதிக்கப்பட்டவராகக் கருதலாம் என்று 2017 நவம்பரில் ஒரு முடிவு வந்தது. அது ஒரு சிறு வாசல்தான். கம்பெனி அப்பீல் போட மறுத்துவிட்டதால் தானே 800 டாலர் கட்டி அனுப்பலாமா என்று ஒரு தம்பி கேட்டு வந்தார். பணம் போகும், பலன் இராது என்று வக்கீல் உறுப்பினர் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த விதியைப் படிவத்தால் மாற்ற முடியாது. ஆனால் "மூல மனுவைப் போட்டவர் நீங்கள்தானா?" என்று படிவம் முதலிலேயே கேட்கலாம். நாம் கேட்டது அவ்வளவுதான்.

இதேபோல் குழப்பும் இன்னொன்று முகவரி. மேல்முறையீடு நிர்வாக மேல்முறையீட்டு அலுவலகமான ஏ.ஏ.ஓ.வுக்குத்தான், ஆனால் படிவத்தை நேரே அங்கே அனுப்பக் கூடாது. யு.எஸ்.சி.ஐ.எஸ் தபால்களைப் பெறும் மையமான லாக்பாக்ஸுக்கு அனுப்ப வேண்டும். முடிவெடுத்த அலுவலகமே முதலில் மறுபடி பார்க்கும். மனம் மாறவில்லையென்றால் கோப்பு ஏ.ஏ.ஓ.வுக்குப் போகும். விளக்கவுரையை 30 நாளுக்குள் பிறகு தருகிறேன் என்று டிக் அடித்தால், அதை மட்டும் நேரே ஏ.ஏ.ஓ.வுக்கு அனுப்ப வேண்டும். மோஷனுக்கோ இந்த அவகாசமே கிடையாது, எல்லாம் கூடவே போக வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்திலேயே எது எங்கே போகும் என்று எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறோம்.

படிவத்தை முடிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது என்ற அரசுக் கணக்கையும் மறுத்திருக்கிறோம். அறிவிப்பு கேட்கும் கேள்விகளில் இந்த நேரமதிப்பீடு சரியா என்பதும் ஒன்று, எனவே சொல்வது நம் கடமை. பெயர், முகவரி எழுத அவ்வளவு போதும். வேலை விவரக் கடிதம், வாடிக்கையாளர் கடிதம், பட்ட மதிப்பீடு என்று சேர்ப்பதற்குள் கெடுவில் பெரும்பகுதி ஓடிவிடும்.

கட்டணத்தைக் குறைக்கச் சொல்லவில்லையே என்று சிலர் வருந்தினார்கள். கட்டணம் தனி விதிமுறையில் வருவது. இந்த அறிவிப்பில் அதைப் பேசினால் ஒதுக்கிவிடுவார்கள்.

ஈழத்து உறுப்பினர்கள் சிலர் அகதி வழக்குக்கும் இதே படிவமா என்று விசாரித்தார்கள். இல்லை. குடிவரவு நீதிபதியின் தீர்ப்புக்கு எதிராக நீதித்துறையின் கீழுள்ள மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக வேண்டும், அதற்கு இ.ஓ.ஐ.ஆர்-26 என்ற வேறு படிவம். 110 டாலராக இருந்த அதன் கட்டணம் 2025 ஜூலையில் வந்த சட்டத்தால் 900-ஐத் தாண்டிவிட்டது. பெற்றோர், துணைவருக்குப் போடும் ஐ-130 நிராகரிக்கப்பட்டாலும் அதே வாரியம்தான், படிவம் மட்டும் இ.ஓ.ஐ.ஆர்-29. இதையெல்லாம் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு வைத்திருக்கிறோம், வாசலில் எடுத்துக்கொள்ளலாம். அது தகவல் மட்டுமே. உங்கள் வழக்குக்கு வக்கீலையோ நீதித்துறை அங்கீகரித்த பிரதிநிதியையோதான் கேட்க வேண்டும். சங்கத்தில் யாரும், நான் உட்பட, யோசனை சொல்லக் கூடாது. அதைச் சட்டம் அனுமதிக்காது. 2025 அக்டோபர் 28 முதல் யு.எஸ்.சி.ஐ.எஸ் பொதுவாகக் காகிதச் செக் எடுப்பதில்லை என்பதையும் அந்தத் தாளில் சேர்த்திருக்கிறோம்.

நம் கருத்து பதிவாகிவிட்டது. ஏற்பார்களா என்பது 30 நாள் அறிவிப்பு வரும்போது தெரியும். வந்த கருத்துகளுக்கான பதிலும் அந்தக் கட்டத்தில்தான் கிடைக்கும். அப்போது படிவத்தை மறுபடி வரிவரியாகப் பார்த்து, தேவைப்பட்டால் ஓ.எம்.பி.க்கும் எழுத வேண்டும். கடித நகல், உறுப்பினர்கள் குறிப்பெழுதிய படிவம், மாற்ற அட்டவணை மூன்றும் ஒரே கோப்பில் உள்ளன. அடுத்த செயலரிடம் ஒப்படைப்பேன். அச்சுச் செலவு பொதுச் செலவுக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. பொருளாளர் அறிக்கையில் வரும்.

இப்படிக்கு,
செயலர்