கப்பலை விட்டு இறங்கிய அன்றே விமானம் ஏற வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கப்பல் சுற்றுலாவைப் பற்றித் தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தில் வெளிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். கப்பலில் எத்தனை மாடிகள், எத்தனை நீச்சல் குளங்கள், இரவில் என்னென்ன கேளிக்கைகள் என்பதையெல்லாம் விரிவாகச் சொல்லும் அக்கட்டுரைகள், பயணம் எந்த ஊரில் முடிகிறதோ அந்த ஊரைப் பற்றி ஒரு வரிக்கு மேல் சொல்வதில்லை. அந்தத் துறைமுக நகரத்தில் கூடுதலாக இரண்டு மூன்று நாட்கள் தங்குவதையே கப்பல் பயணத்தின் சிறந்த பகுதியாக நான் கருதுகிறேன். ஆனால், அதற்கான ஏற்பாட்டைக் கப்பலுக்குப் பணம் கட்டும் முன்பே யோசித்தாக வேண்டும். அதை வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம்.

வழியில் கப்பல் நிற்கும் ஊர்களை நாம் எவ்வளவு பார்க்கிறோம் என்று முதலில் கணக்கிட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் காலை ஏழு எட்டு மணிக்குக் கரை சேரும் கப்பல், மாலை ஐந்து ஆறு மணிக்குப் புறப்பட்டுவிடும். புறப்படும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. பயண நிரலில் 'ரோம்' என்று அச்சிட்டிருப்பார்கள். கப்பல் நிற்பதோ ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிவிட்டவெக்கியாவில். 'புளோரன்ஸ்' என்றால் லிவோர்னோ, 'பாரிஸ்' என்றால் ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள லெ ஆவ்ர், 'பாங்காக்' என்றால் லேம் சாபாங். போக வர நான்கைந்து மணி நேரம் பேருந்திலேயே கழிந்தபின், மிச்சமிருக்கும் பொழுதில் ஒரு நகரத்தைப் 'பார்த்தோம்' என்று சொல்லிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

நானும் என் மனைவியும் சென்ற பயணம், ஏதென்ஸ் நகரின் துறைமுகமான பிரேயஸில் தொடங்கி, கிரேக்கத் தீவுகள் சிலவற்றையும் துருக்கியின் குஷடாசியையும் சுற்றி, மீண்டும் பிரேயஸிலேயே முடிந்தது. இறங்கியபின் மூன்று நாட்கள் ஏதென்ஸில் தங்கினோம். பிரேயஸிலிருந்து நகரின் நடுப்பகுதிக்கு மெட்ரோ ரயில் இருப்பதால் போக்குவரத்து ஒரு பொருட்டாக இல்லை. பழங்காலக் கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றுக்கு ஒரு நாளைக்கு 20,000 பேர் என்ற வரம்பும், குறித்த நேரத்துக்கான நுழைவுச்சீட்டு முறையும் 2023 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளன. கப்பல்களிலிருந்து வரும் குழுக்கள் காலையிலேயே அங்கே குவிந்துவிடுகின்றன. கோடையில் வெப்பம் கடுமையானால் நண்பகல் நேரத்தில் குன்றை மூடிவிடுவதும் உண்டு. ஒரே ஒரு நாள் இருப்பவருக்கு வேறு வழியில்லை. மூன்று நாட்கள் இருந்த எங்களால் மாலை நேரத்துக்குச் சீட்டு எடுத்து, வெயில் தாழ்ந்தபின் நிதானமாக ஏற முடிந்தது. மறுநாள் முழுவதும் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்திலேயே கழிந்தது. ஆண்டிகிதேரா தீவருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901-இல் எடுக்கப்பட்டதும், ஞாயிறு, திங்கள் ஆகியவற்றின் ஓட்டத்தைக் கணக்கிட ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செய்யப்பட்டதுமான அந்த வெண்கலப் பற்சக்கரக் கருவியின் முன்னால் என் மனைவி அரை மணி நேரம் நின்றுவிட்டார். கப்பல் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் அந்த அரை மணியை யாரும் தந்திருக்க மாட்டார்கள்.

இந்த மகிழ்ச்சி கைநழுவிப் போகவும் இருந்தது; காரணம் விசா. ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுதியே ஷெங்கன் பகுதி. அதற்கு ஒருமுறை மட்டும் நுழையும் விசாவும் உண்டு, பலமுறை நுழையும் விசாவும் உண்டு. எங்களுக்காக விண்ணப்பத்தை நிரப்பிய பயண முகவர், "ஒரே பயணம்தானே" என்று எண்ணி ஒருமுறை நுழைவு என்றே குறித்திருந்தார். ஏதென்ஸுக்கு விமானத்தில் வந்து இறங்கும்போதே அந்த ஒரு நுழைவு தீர்ந்துவிடும். கப்பல் துருக்கிக்குச் சென்று மீண்டும் கிரேக்கத்துக்குத் திரும்புவது இரண்டாவது நுழைவு. விண்ணப்பத்தைக் கொடுப்பதற்கு முதல் நாள் இரவு, பொழுது போகாமல் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் இது என் கண்ணில் பட்டது. கடல் வழியில் எந்த நாடு உள்ளே, எது வெளியே என்பது வரைபடத்தைப் பார்த்தால் புலப்படாது. குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதிக்குள் வந்துவிட்டது. அதன் அண்டை நாடான மாண்டினீக்ரோவின் கோட்டார் துறைமுகம் வெளியே இருக்கிறது. கப்பல்கள் இரண்டையும் ஒரே பயணத்தில் தொட்டுச் செல்கின்றன.

இறங்கும் ஊரில் தங்கும் நாட்கள், எந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையே மாற்றிவிடக்கூடும். பல ஷெங்கன் நாடுகளுக்குச் செல்பவர், அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும் என்பது விதி. இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் மூன்றிலும் ஒவ்வொரு நாள் நிற்கும் கப்பலில் சென்று, முடிவில் பார்சிலோனாவில் நான்கு நாட்கள் தங்குபவருக்கு ஸ்பெயின்தான் அந்த நாடு. விண்ணப்பத்துடன் காட்ட வேண்டிய, குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் அந்தக் கூடுதல் நாட்களைச் சேர்த்தே இருக்க வேண்டும். கப்பல் கரை சேரும் தேதியோடு காப்பீட்டை முடித்துக்கொள்பவர்கள், வெளியூரில் காப்பே இல்லாமல் நான்கு நாட்கள் நடமாடுகிறார்கள்.

இறங்கும் நாளின் நடைமுறை எளிது. பயணப்பெட்டிகளை முதல் நாள் இரவே வண்ணச் சீட்டு கட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும். மாற்றுடை, மருந்து, கடவுச்சீட்டு ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ள மறந்தவர்கள் மறுநாள் காலை இரவு உடையோடு நிற்பதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாதுதான். ஒன்பது பத்து மணிக்குள் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். மாலையிலேயே அடுத்த கூட்டத்தோடு கப்பல் புறப்பட வேண்டும். விடுதிகளிலோ பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத்தான் அறை கிடைக்கும். பெட்டிகளை விடுதியில் ஒப்படைத்துவிட்டு ஊருக்குள் நடக்கத் தொடங்குவதே நல்லது.

கூடுதல் நாட்களில் ஒன்றையாவது பயணத்தின் முன்பக்கத்தில் வைத்துக்கொள்வதும் அவசியம். விமானம் தாமதமானால் கப்பல் நமக்காகக் காத்திருக்காது. ஒரு நாள் முன்னதாகச் சென்று தங்கிவிட்டால், அந்தக் கவலை இல்லாமல் ஊரையும் பார்த்துக்கொள்ளலாம். வழியில் ஓர் ஊர் பிடித்துப்போய், அங்கேயே இறங்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கப்பல் நிறுவனத்தின் முன் அனுமதி இல்லாமல் அப்படிச் செய்யக் கூடாது. வெளிநாட்டுக் கொடி ஏந்திய கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை, தொலைவிலுள்ள வேற்று நாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல், இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிடுவதை அந்நாட்டின் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் தடுக்கிறது. அதற்கான அபராதத்தைப் பயணியிடமே வசூலித்துவிடுவார்கள்.

துறைமுக நகரங்களின் மனநிலையும் மாறி வருகிறது. 25,000 டன்னுக்கு மேற்பட்ட பெரிய கப்பல்கள் வெனிஸ் நகரின் ஜியுடெக்கா கால்வாயில் நுழைவதை இத்தாலி 2021 ஆகஸ்ட் முதல் தடை செய்தது. 2025 கோடையில் கிரேக்கம் கப்பல் பயணிகள் மீது கட்டணம் விதித்தது. சாண்டோரினி, மிக்கோனோஸ் தீவுகளில் உச்ச பருவத்தில் தலைக்கு 20 யூரோ. பார்சிலோனா தன் ஏழு கப்பல் முனையங்களை 2030-க்குள் ஐந்தாகக் குறைக்க முடிவு செய்திருக்கிறது. காலையில் ஆயிரக்கணக்கில் இறங்கி, தெருக்களை அடைத்துக்கொண்டு, உணவுக்குக்கூடக் கப்பலுக்கே திரும்பிவிடும் கூட்டத்தின் மேல்தான் அந்த ஊர்களுக்குச் சலிப்பு. நான்கு நாட்கள் அறை எடுத்துத் தங்கி, அங்கேயே உண்டு, அங்குள்ள பேருந்தில் செல்பவரை அவர்கள் அப்படிப் பார்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கூட்டம் அதிகமான ஊர்களில் விடுதிகள் பெருகுவதும் உள்ளூர் மக்களுக்கு வீட்டு வாடகைச் சுமையாகிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் இரண்டில் தங்கிச் செல்வதே மேல்.

ஆகவே தங்களுக்கு ஒரு வேண்டுகோள். கப்பல் சுற்றுலாவைப் பற்றி இனி வெளியிடும் ஒவ்வொரு கட்டுரையின் ஓரத்திலும் ஒரு சிறு பெட்டிச் செய்தியாவது இடம்பெறட்டும். துறைமுகம் நகரத்திலிருந்து எவ்வளவு தொலைவு, அங்கிருந்து ரயில் உண்டா, வழியிலுள்ள நாடுகளுக்கு எத்தனை நுழைவு கொண்ட விசா வேண்டும் என்ற மூன்று விவரங்கள் இருந்தால் போதும். நீச்சல் குளங்களின் எண்ணிக்கையைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் அதற்கு இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்