படத்துக்குக் கீழே பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு பதிப்பில் அமெரிக்கக் கறுப்பினப் புகைப்படக் கலைஞர் கோர்டன் பார்க்ஸ் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பியானோ வாசித்துப் பிழைத்தவர், அடகுக்கடையில் கேமரா வாங்கிப் படமெடுக்கப் பழகி, 1948-இல் ‘லைஃப்’ இதழில் சேர்ந்த கதை அருமை. 1989-இல் மார்ட்டின் லூதர் கிங் பற்றிய பாலே நாட்டியத்துக்கு இசையும் அவர்தான். எல்லாம் சரி. நம்மிடையே இப்படி ஒருவரும் இல்லையே என்று அங்கலாய்த்து முடித்திருக்கிறீர்கள், அதுதான் உறுத்துகிறது.

இங்கே மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒருவர் இருக்கிறார். 1990-களில் விடிகாலையில் தோட்டத்து ரப்பர் மரங்களில் பால் வெட்டுவார், மத்தியானத்துக்கு மேல் நிருபர். வெள்ளிக்கிழமை பஜனையில் ஆர்மோனியம், திருவிழா என்றால் உறுமி. பத்திரிகையில் சம்பளம் கிடையாது. வெளிவந்த செய்திக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பார்கள், அதுவும் எப்போதாவது.

அவருடைய ஃப்ளாஷைத் தூக்கிக்கொண்டு பின்னால் அலைந்த பையன் நான். ஒரு தீமிதியன்று உறுமியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் கேமராவோடு நின்றார். அருள் வந்து ஆடியவரைச் சுற்றி மற்றவர்கள் பளிச் பளிச்சென்று எடுத்துத் தள்ளினார்கள். இவர் அசையவில்லை. கால் பெருவிரல் மட்டும் தாளம் போட்டது. உறுமிக் குச்சி வேகம் பிடித்து, மேளம் சட்டென்று நின்ற இடத்தில் ஒரே ஒரு கிளிக்.

“அடி எங்கே விழும்னு தெரிஞ்சா போதும்டா தம்பி. ஃபிலிம் ரோல்ல 36 படம்தான் இருக்கு.”

அந்த ரோலைக் கோலாலம்பூர் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினோம். மூன்றாம் நாள் முதல் பக்கத்தில் படம் வந்தது. கீழே ‘படம்: நமது நிருபர்’ என்று மட்டும். எந்தப் பத்திரிகை என்பது இப்போது வேண்டாம். கோயில் மேடையில் ஒரு பாட்டுக்கு ஆர்மோனியம் வாசித்தால்கூட மைக்கில் பெயர் சொல்வார்கள்.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இடிபடுமுன், ரப்பர் போய்ச் செம்பனை வருமுன் அவர் எடுத்த தோட்டத்துப் படங்களின் நெகடிவ்கள் இன்று ஒரு மைலோ டின்னில் கிடக்கின்றன. போன மாதம் திறந்து பார்த்தேன். பல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன, சிலவற்றில் பூஞ்சை. ஈரம் வாங்கிக்கொள்ளட்டும் என்று உள்ளே ஒரு பிடி அரிசி போட்டு வைத்திருக்கிறார், மனிதர்!

தேறியவற்றை நான் ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். உங்கள் பதிப்பில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவர் பெயரை இந்தக் கடிதத்தில் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அது முதலில் படத்துக்குக் கீழே வரட்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்